கொதிகலன் அறையின் சுவர்

நெருப்பே மூட்டாத கொதிகலன் அறையின் இரும்புச் சுவர் வெதுவெதுப்பாக இருந்தது. வெளிப்பக்கம் துரு சுரண்டிக்கொண்டிருந்த பொனிரா, உளியைக் கீழே வைத்துவிட்டு மறுபடி உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். காய்ச்சல்காரன் நெற்றியைப் போலச் சுட்டது.

டச்சுக்காரர்கள் கடலில் கண்ணிவெடி போடுவதற்கென்று சுரபாயாவில் வைத்திருந்த கப்பல் அது. ஜப்பானியர் வந்தபோது, அவர்கள் கையில் சிக்கக்கூடாதென்று கேப்டனே அதை மூழ்கடித்தான். கரி அள்ளிப் போடும் ஜாவாக்காரர்கள் கீழே இருக்கிறார்களே என்று நினைத்துப் பார்க்க அந்தப் புண்ணியவானுக்கு நேரமில்லை. பொனிராவின் புருஷனும் அதில் போனான். இப்போது ஜப்பானியர் கப்பலைத் தூக்கி, பேரை மாற்றி, மறுபடி வெடி போடத் தயார்செய்கிறார்கள். ஒரு எலும்பாவது கிடைத்தால் வெள்ளைத்துணியில் சுற்றி முறையாகப் புதைக்கலாம் என்றுதான் அவள் இந்தக் கூலிக்கு வந்தாள்.

மேஸ்திரி கசான் முதலிலேயே சொல்லிவிட்டார். "எலும்பையெல்லாம் சாக்குல அள்ளிக் கடல்ல கொட்டிட்டாங்க, தங்கச்சி. முழுக்குனவன் டச்சுக்காரன், தூக்குனவன் ஜப்பான்காரன். துரு சுரண்ட மட்டும் நாம."

அவளுக்கு மனசு கேட்கவில்லை.

சாயங்காலச் சங்கு ஊதி, மற்றவர்கள் ஏணியேறிப் போய், அவர்களுடைய பேச்சும் இருமலும் மேல்தளத்தில் தேய்ந்து அடங்கியபின், சேறும் எண்ணெயும் கலந்த நாற்றத்துக்கு நடுவே கிராம்பு போட்ட சுருட்டின் வாசனை மெல்ல வந்தது. அவள் புருஷன் குடிக்கிற சுருட்டு. கொதிகலன் அறையின் பூட்டிய கதவுக்கு உள்ளிருந்து வந்தது.

பிறகு ஒரு தட்டல்.

புருஷன் பேரை வாய்விட்டுச் சொல்லும் வழக்கம் அவர்களிடம் இல்லை. ஊர்ப் பெண்கள் எல்லாரும் கூப்பிடுகிறபடியே அவளும் கூப்பிட்டாள்.

"பிள்ளையோட அப்பா?"

"ம்."

அவளுக்கு அழுகை பொங்கியது. கதவில் கன்னத்தை வைத்துக்கொண்டாள்.

"ம்." இது வேறு குரல். காலடியிலிருந்து.

"இங்கதான் இருக்கேன்." தலைக்குமேல்.

"பிள்ளை சாப்பிட்டுதா?"

"நடக்குதா பிள்ளை?"

"என்னைத் தேடுதா?"

சுவரெங்கும் தட்டல். எத்தனை வீட்டுப் பிள்ளைகள். எத்தனை அப்பாக்கள். அவள் கூப்பிட்டது அத்தனை பேரையும்.

ஓடியிருக்கலாம். ஏணி பக்கத்தில்தான் இருந்தது. ஆனால் அந்தக் கூட்டத்தில் அவனும் இருக்கிறான். அவனை மட்டும் எப்படி விட்டுவிட்டுப் போவாள்? கல்யாணமான நாளிலிருந்து நாக்கில் வராத பேரை அவள் சொன்னாள்.

"சாடிமான்."

தட்டல் நின்றது.



"நான்தான்," என்றார்கள் எல்லாரும்.

கதவை இறுக்கிப் பூட்டும் சக்கரம் உள்ளிருந்து சுழன்றது. கொஞ்சம் திறந்தது. அந்த இடுக்கில் மேலிருந்து கீழ்வரை விரல்கள். ஊறி வெளுத்த விரல்கள். நகமில்லாத விரல்கள். அவளைப் பார்த்து நீண்டன.

பொனிரா மண்டியிட்டாள். தன் பிள்ளையைத் தூக்கிய கை எதுவென்று, ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கத் தொடங்கினாள்.