மருதமரத்துக் கயிறு

அன்று வௌவால்கள் சத்தமில்லாமல் கிளம்பின.

மற்ற நாட்களில் பொழுது சாயும்போதே தெருக்கோடி மருதமரம் கூச்சல் போடத் தொடங்கிவிடும். கிளைக்குக் கிளை சண்டை, கீச்சுக்குரல், அழுகின பழமும் மூத்திரமும் கலந்த வீச்சம், அப்புறம் புகைபோலத் திரண்டு சேவூர் வயல்பக்கம் போகும். தொண்ணூற்றெட்டு ஆவணியில் அந்தச் சாயங்காலம் அவை ஒவ்வொன்றாகக் கிளையை விட்டு நழுவிப் போவதைக் காத்தாயி அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றபோது, அவள் காதில் விழுந்ததெல்லாம் தனசேகரன் வீட்டு விசைத்தறியின் தடதடப்பு மட்டும்தான்.

"யோவ், இன்னிக்கு வேணாம். இதுங்க சரியில்ல."

"வௌவாலு உங்கிட்ட சொல்லிக்கினு போவணுமா?" அவள் புருஷன் துரைக்கண்ணு லுங்கியை மடித்துக் கட்டினான்.

தறிக்காகக் காலையில் தெருவில் நீளமாக இழுத்துக் கட்டும் பட்டுநூல் பாவில் எச்சம் விழுந்து கறையாகிறது. கிளையை வெட்டச் சொன்னவர் தனசேகரன். பகலில் ஏறினால் வௌவால் முகத்தில் அறையும். அதனால் கூட்டம் கிளம்பிய பிறகு, வெளிச்சம் மிச்சமிருக்கும் அரைமணியில் வேலையை முடிப்பார்கள். புருஷன் மேலே, பெண்டாட்டி கீழே. கயிற்றின் ஒரு முனை அவன் இடுப்பில், மறுமுனை அவள் கையில்.

"ஜல்தி ஆவட்டும்ப்பா, இருட்டிடும்," என்றார் தனசேகரன்.

அவன் ஏறினான். கொடுவாள் சத்தம் கேட்டது. நான்கு வெட்டு. ஐந்து. நின்றது. கரண்ட் போய்த் தறியும் நின்றது.

காத்தாயி கயிற்றை இரண்டு தடவை சுண்டினாள். பதிலுக்கு அவன் சுண்ட வேண்டும். சுண்டவில்லை. கயிறு அவள் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டு மெல்ல மேலே நகர்ந்தது.

அப்போது அவை திரும்பி வந்தன. வயலுக்குப் போன அத்தனையும். ஒரு சிறகடிப்பும் இல்லை. மரம் மறுபடி கறுத்தது. அவற்றின் நடுவே, தலைகீழாக, கைகளை மார்போடு மடக்கிக்கொண்டு துரைக்கண்ணு தொங்கினான். கிளையைப் பிடித்திருந்தவை அவன் கால்விரல்கள்.

"கயித்த வுட்டுட்டு ஊட்டுக்குப் போ." குரல் அவனுடையதுதான். "எனக்கு இங்க நல்லாத்தான் கீது."

தனசேகரன் பின்வாங்கினார். "வுட்ரும்மா. நாளைக்குப் பார்த்துக்கலாம்."

"நாளைக்கு நீ உன் கிளையப் பார்ப்ப. என் ஆள யாரு பார்ப்பா?"

கதவு சாத்தும் சத்தம். தாழ்ப்பாள்.

தெருவில் யாருமில்லை. அவள். கயிறு. மேலே கண்கள்.

"எறங்குய்யா. பதினோரு வருஷமா நீ ஏறுன, நான் புடிச்சேன். ஒருநாள் வுட்டிருப்பனா? இன்னிக்கும் வுட மாட்டேன்."

கயிறு வெடுக்கென்று மேலே இழுத்தது. அவள் குதிகால் எழும்பியது. கயிற்றை இடுப்பில் இரண்டு சுற்றுச் சுற்றினாள். வேரில் காலை ஊன்றினாள். இழுத்தாள். உள்ளங்கை கிழிந்தது. இழுத்தாள்.

ஒரு சாண் இறங்கினான்.

அவன் கால்விரல்கள் கிளையை விட்டிருந்தன. ஆனாலும் விழவில்லை. வெறும் காற்றில் தொங்கினான். கூடவே, மரத்திலிருந்த அத்தனையும் ஒரு சாண் இறங்கின. ஒரே நேரத்தில். எந்தக் கிளையிலும் கால் படாமல்.

அத்தனை முகங்களும் அவளைப் பார்த்தன.

"வாங்கடா," என்றாள் காத்தாயி. "எல்லாரும் வாங்க."

மறுபடி இழுத்தாள்.

இன்னொரு சாண்.