புயல் வந்தது... படகு எங்கே?

டெலிபோன் விடாமல் அடித்தது.

எடுக்க வேண்டியவர், அனிமேஷன் ஸ்டுடியோவின் முதலாளி, நாற்காலியிலேயே செத்துக் கிடந்தார்.

கழுத்தை இறுக்கியிருந்தது ஹெட்போன் ஒயர்... அவருடைய மச்சானின் ஹெட்போன்!

மச்சான் அங்கே ஸ்கிரிப்ட் எழுதுபவன். எந்தப் படத்துண்டு எப்போது திரைக்கு வரணும் என்று கம்ப்யூட்டருக்கு உத்தரவு போடும் ஸ்கிரிப்ட்.

"காலையில அவர்கூட சண்டை போட்டியாமே?" இன்ஸ்பெக்டர் விலங்கை எடுத்தாள்.

"போட்டேன் மேடம். கொல்லலை."

அவன் அக்கா, செத்தவரின் மனைவி, பாய்ந்து வந்து அவன் சட்டையைப் பிடித்தாள். "என் குடும்பத்தையே குட்டிச்சுவராக்கிட்டு வாய் வேற பேசறியாடா?"

முதலாளியின் பார்ட்னர் உச்சுக் கொட்டினார். "கொலை நடந்தப்ப நான் ஆபரேட்டர் ரூம்ல நம்ம புதுப் படத்தை ஓட்டிக்கிட்டிருந்தேன். ஹால் நிறைய ஆளுங்க படம் பார்த்துக்கிட்டிருந்தாங்க."

"ஸ்கிரிப்ட் இருந்தா படம் தானா ஓடுமே சார்?" என்றாள் இன்ஸ்பெக்டர்.

"இவன் ஸ்கிரிப்ட் மக்கர் பண்ணிச்சு. ஒவ்வொரு படத்துண்டையும் நானே கையால தட்டுத் தட்டா ஏத்தினேன். அடித்தட்டுல கடல், மேல படகு, அதுக்கும் மேல நிலா. கடைசியில கடல் இருந்த அடித்தட்டுலயே புயலை ஏத்தினேன். இப்படி அப்படி நகர முடியலை."

மச்சான் நிமிர்ந்தான். "மேடம்... அதை ஒரு தடவை செஞ்சு காட்டச் சொல்லுங்க."

ஆபரேட்டர் அறை.

கடல் வந்தது. படகு வந்தது. நிலாவும் வந்தது. பார்ட்னர் அலட்சியமாகப் புயலை அடித்தட்டில் ஏற்றினார்.

புயல் வந்தது.

படகைக் காணோம். நிலாவையும் காணோம்!

"அடித்தட்டுல புதுசா எதை ஏத்தினாலும் மேல இருக்கறதெல்லாம் போயிடும்," என்றான் மச்சான். "அதனாலதான் புயலை ஆரம்பத்துலயே கடலுக்கு மேல ஏத்தி மறைச்சு வெச்சேன். நேரம் வந்ததும் ஸ்கிரிப்ட் அதைக் காட்டும்."

இன்ஸ்பெக்டர் பார்ட்னர் பக்கம் திரும்பினாள். "புயல்ல படகு தத்தளிச்சதைப் பார்த்தோம்னு ஹால்ல அத்தனை பேரும் சொல்றாங்க. அப்ப ஓட்டினது ஸ்கிரிப்ட். நீங்க எங்க சார் போயிருந்தீங்க?"

பார்ட்னர் கீபோர்டிலிருந்து கையை எடுத்தார்.

"ஸ்டுடியோவை வித்துடலாம்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன்... கேக்கலை அவன்."

அக்காவின் பிடி தளர்ந்தது. கசங்கிய சட்டையிலேயே முகத்தைப் புதைத்து அழுதாள். தம்பி அவளை விலக்கவில்லை. ஆனால் அவனுக்குக் கோபம் ஆறவில்லை.

விலங்கு பார்ட்னரின் கைக்கு மாறியது.

"லாக்கப்ல ஏற்கெனவே நாலு பேர் இருக்காங்க சார்," என்றாள் இன்ஸ்பெக்டர். "உங்களை ஏத்தினா அவங்க காணாமப் போயிட மாட்டாங்க. கொஞ்சம் நெருக்கியடிச்சு உக்காந்துக்குங்க."