உள்தாழ்ப்பாள் இல்லாத வீடு

கண்ணாடி முன் நின்று அவர் அன்றைய பேச்சை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி கட்டிலோரம் உட்கார்ந்து அவருடைய கோட்டுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். பேச்சை எங்கே நிறுத்த வேண்டும் என்று விரல் தூக்கிக் காட்டுவதும் அவள் வேலைதான்.

"வேலை போச்சு. அன்னைக்கு என் பெண்டாட்டியே என்னை அறைக்குள்ள வச்சுப் பூட்டினா..."

அவள் விரல் தூக்கினாள். கூட்டம் மூச்சைப் பிடிக்கும் இடம் அது.

"அந்த அவமானம்தான் என்னை எழுப்பி விட்டுது!"

பெரிய நிறுவனத்தில் நிதித்துறைத் தலைவராக இருந்தவர். நிறுவனம் சாய்ந்தபோது பழி அவர் தலையில் விழுந்தது. இப்போது ஊர் ஊராகப் போய் வியாபாரிகளுக்குத் தன்னம்பிக்கை ஊட்டுகிறார். பூட்டுக் கதைக்குத்தான் கைத்தட்டல் அதிகம்.

நிறைமாத மகள் பையோடு வந்து நின்றாள்.

"பிரசவத்துக்கு நான் அத்தை வீட்டுக்குப் போறேன்."

"இங்க என்னடி குறை?"

"குறையா? அப்பா கதவைத் தட்டித் தட்டி அழுதாரு. நீ சாவியை முந்தானையில முடிஞ்சுக்கிட்டு வெளியில கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தே. சின்னப் பிள்ளையா இருந்தாலும் என் கண்ணால பார்த்தேன்மா. நாளைக்கு நான் வலியில கத்தினாலும் நீ அப்படியே உட்கார்ந்திருப்பே..."

பெற்ற வயிறு எப்படிப் பற்றி எரிந்திருக்கும், சொல்லுங்கள் கண்ணுகளா! வாய்வரை வந்ததை அவள் விழுங்கிக்கொண்டாள். யாரிடமும் சொல்லாதே என்று அவர் கையைப் பிடித்துக் கேட்டிருந்தாரே...

"பையில ஸ்வெட்டர் வச்சியா? காலையில குளிரும்" என்றாள்.

அந்தச் சொல்தான் அவரை அடித்துப் போட்டது. ஆயிரம் பேர் முன்னால் குழறாத நாக்கு குழறியது. பழக்கத்தில் மனைவியைப் பார்த்தார். அவள் ஊசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"திறக்கச் சொல்லி நான் அழுதது... மொட்டை மாடிக்குப் போறதுக்கும்மா. குதிக்கறதுக்கு. அவ பூட்டலன்னா இன்னைக்கு உனக்கு அப்பா இல்ல. அப்புறமும் பயந்துக்கிட்டு, நான் உள்ள சாத்திக்கக் கூடாதுன்னு வீட்டுல இருந்த தாழ்ப்பாளையெல்லாம் கழட்டிட்டா."

மகள் கதவைப் பார்த்தாள். தாழ்ப்பாள் இருந்த இடத்தில் திருகாணித் துளைகள் மட்டும்.

"வயசுக்கு வந்தப்ப இதுக்கு எத்தனை சண்டை போட்டேன்... என்னைச் சந்தேகப்படறியான்னு கேட்டேனே. ஆமான்னு சொன்னியேம்மா!"

"வேற என்னத்தைடி சொல்ல?"

பை கீழே விழுந்தது. கனத்த வயிறு இடிக்க, மகள் அம்மாவின் தோளில் சாய்ந்து விம்மினாள்.

"இன்னைக்கு மேடையில உன்னைப் பத்தி உள்ளதைச் சொல்லிடறேன்" என்றார் அவர்.

"எனக்காகச் சொல்ல வேண்டாங்க. உங்க கூட்டத்துல எவனாவது மாடிப்படியை நினைச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பான். பூட்டுறவ எதிரின்னு நீங்க சொன்னதைக் கேட்டுட்டு வீட்டுக்குப் போவான். இத்தனை வருஷத்துல எத்தனை பேரு அப்படிப் போனாங்களோ... அதை நினைச்சுத்தான் எனக்குத் தூக்கம் போச்சு."

வாசலில் கார் வந்து நின்றது. கோட்டை வாங்கிக்கொண்டவர் படியைத் தாண்டத் தெரியாமல் நின்றார். முதல் வார்த்தை என்னவென்று கேட்பவர் போல அவள் விரலைப் பார்த்தார்.

விரல் எழவில்லை. அந்தக் கை மகளின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தது.