பெயர் இல்லாத குழு

ஆளே இல்லாத ஒரு குழு அழிய மறுத்தது.

அவள் 'நீக்கு' என்பதை மறுபடியும் அழுத்தினாள். மறுபடியும் அதே சிவப்புப் பெட்டி திரையில் வந்து நின்றது: 'இந்தக் குழு பயன்பாட்டில் உள்ளது.' உறுப்பினர் எண்ணிக்கை என்ற இடத்தில் பூஜ்ஜியம்.

"ஒருத்தரும் இல்லாத குரூப்பை யாருடா யூஸ் பண்றீங்க, செவுரா?" என்று திரையையே கேட்டாள்.

விடுமுறை நாள் மத்தியானம். வெளியே விடாமல் மழை. அலுவலகம் முழுக்க ஈரக் கம்பளத்தின் வாடை. அவளைத் தவிர வாசலில் காவலாளி மட்டும்தான். மீசை என்றுதான் எல்லாரும் அவரைக் கூப்பிடுவார்கள். அவளுக்குச் 'சாவியம்மா' என்று பெயர். அலுவலகக் கதவுகள், கிடங்கு, பின்பக்கத்து ஊழியர் குடியிருப்பு என்று எல்லாவற்றிலும் கார்டு காட்டினால் திறக்கும் பூட்டுதான். எந்த ஆள் எந்தக் குழு, எந்தக் குழுவுக்கு எந்தக் கதவு என்று தீர்மானிப்பது அவள் வேலை. இப்போது பழைய மென்பொருளை விட்டுப் புதியதற்கு மாறுகிறார்கள். "சும்மா இழுத்துப் போடுற வேலைதானேம்மா" என்று சொல்லிவிட்டு மேலாளர் குடும்பத்தோடு ஊர் சுற்றப் போய்விட்டார். கணவனும் வெளியூர். பெண்ணைக் குடியிருப்பில் தனியாக விட்டுவிட்டு இவள் இங்கே இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

ஓட்டுநர்கள், கணக்குப் பிரிவு, துப்புரவுப் பிரிவு எல்லாம் சமர்த்தாகப் போய்விட்டன. இது ஒன்றுதான் பாக்கி. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஒரு கோடு. அனுமதி மட்டும் எல்லாக் கதவுகளுக்கும்.

மென்பொருள் நிறுவனத்தின் உதவி எண்ணை அழைத்தாள். ஒரு இளம்பெண் எடுத்தாள்.

"மெம்பர்ஸை வேற குரூப்புக்கு மாத்திட்டு டிலீட் பண்ணுங்க மேடம்."

"மெம்பரே இல்லம்மா."

"அப்போ டிலீட் ஆகணுமே மேடம்."

"ஆகலைன்னுதானே ஃபோன் பண்றேன்!"

விசைப்பலகை தட்டும் சத்தம். பிறகு குரல் சற்றுத் தணிந்தது. "மேடம், எனக்கு இங்க ஆக்டிவ்னு காட்டுது. உங்க பில்டிங்லதான். மேல் மாடியில."

"யாரு?"

"பேர் வரல மேடம். கொஞ்சம் லைன்ல இருங்க."

காத்திருப்பு இசை ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு ஃபோனை வைத்தாள். இவர்களை நம்பினால் இன்றைக்கு வீடு போய்ச் சேர்ந்தாற்போலத்தான். குழுவை அழிக்க முடியாவிட்டால் போகிறது, அதன் கதவுகளையாவது பிடுங்கலாமே? மேல் மாடியிலிருந்து ஆரம்பித்தாள்.

மாடி அரங்கின் கதவை நீக்கினாள். தலைக்கு மேல் எங்கோ 'டக்' என்று பூட்டு விழுந்தது. சரிதான், பூட்டு என்றால் விழத்தானே செய்யும். அடுத்தது ஆவண அறை. டக். மாடி நடைவழி. டக். ஒவ்வொரு நீக்கத்துக்கும் ஒரு சத்தம். ஒவ்வொரு சத்தமும் முந்தையதை விடக் கொஞ்சம் கிட்டத்தில். மனசுக்கு இதமாகக்கூட இருந்தது. வேலை நகர்கிறதே.

மேசை ஃபோன் அடித்தது. மீசை.

"மேடம், மாடிப்படி லைட் எல்லாம் எரியுதே. யாராச்சும் கூட வந்திருக்காங்களா?"

"இல்லையே. நான் மட்டும்தான்."

"ஆள் நடந்தாத்தானே மேடம் அது எரியும்?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் இருண்ட நடைவழி. அதன் கோடியில், படிக்கட்டு வந்து சேரும் இடத்தில், ஒரு விளக்கு எரிந்தது. பிறகு அதற்கு இந்தப்பக்கம் இன்னொன்று. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மேலிருந்து ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டே வந்திருக்கிறாள். மேலே இருந்தது போவதற்கு மிச்சம் இருந்த வழி இது ஒன்றுதான்.

இன்னொரு விளக்கு.

ஈரக் கம்பளம் மிதிபடும் சத்தம். ஒரு ஜோடிக் கால் இல்லை. பல கால்கள்.

அவள் அந்தக் கோட்டைத் தேர்ந்து 'நீக்கு' என்பதை அழுத்தினாள். இந்த முறை சிவப்புப் பெட்டி வரவில்லை. 'உறுப்பினர்களை எந்தக் குழுவுக்கு மாற்ற வேண்டும்?' என்று கேட்டது. அவள் அறைக் கதவுக்கு வெளியே விளக்கு எரிந்தது. கைப்பிடி கீழே இறங்கியது. பட்டியலில் முதலில் இருந்ததை அழுத்தினாள்.

கைப்பிடி மேலே போனது.

விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. திரையில் அந்தக் கோடு இல்லை. குழு அழிந்துவிட்டிருந்தது.

"ஒழிஞ்சுது சனியன்" என்றாள் சத்தமாக. சிரிப்புக்கூட வந்தது. தண்ணீரைக் குடித்துவிட்டு, எங்கே தள்ளினோம் என்று பார்த்தாள்.

பட்டியலில் முதலில் இருந்தது அவளுடைய வீடு. எதைச் சோதித்தாலும் ஊரார் வீட்டில் சோதிக்கக் கூடாதென்று எப்போதும் அதைத்தான் மேலே வைத்திருப்பாள்.

கைப்பேசி அதிர்ந்தது. மகள். கிசுகிசுப்பாக.

"அம்மா, கதவைத் தொறந்தது நீயா?"

"இல்லடா கண்ணு. என்னாச்சு?"

"பச்சை லைட் எரிஞ்சுது. தானா தொறந்து, தானா மூடிக்கிச்சு."

"யாராவது உள்ள வந்தாங்களா?"

"யாரும் வரல." மூச்சு வாங்கும் சத்தம். "ஆனா சோஃபா அமுங்குதும்மா."

"வெளிய வா. உடனே வெளிய வா!"

அழைப்பு துண்டிக்கப்பட்டது. அவள் வீட்டுக் குழுவைத் திறந்து நீக்கு என்பதை அழுத்தினாள். 'இதற்கு உங்களுக்கு அனுமதி இல்லை.' மறுபடியும் அழுத்தினாள். அனுமதி இல்லை. மேசையை ஓங்கி அறைந்தாள். இந்த அனுமதியெல்லாம் கொடுத்ததே நான்தானே, சனியனே!

ஓடினாள். மீசை ஏதோ கேட்டார். காதில் விழவில்லை. மழை. சேறு. ஒரு செருப்பு எங்கோ போனது.

வீட்டு வாசலில் கார்டை வைத்தாள். சிவப்பு. துடைத்துவிட்டு வைத்தாள். சிவப்பு. கதவைத் தோளால் இடித்தாள். பிறகு பக்கத்து ஜன்னலுக்குப் போய்க் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிப் பார்த்தாள்.

மகள் தரையில் உட்கார்ந்திருந்தாள். முதுகு சோஃபா பக்கம். கண்களை இறுக மூடியிருந்தாள். கைகள் முழங்காலில். சோஃபாவின் மெத்தைகள் எல்லாம் அமுங்கி இருந்தன.

அம்மா கண்ணாடியைத் தட்டினாள். மகள் கண்ணைத் திறக்கவில்லை. அசையக்கூடாது என்பது போலத் தலையை மட்டும் மிக மெல்ல ஆட்டினாள்.

மகளின் கூந்தல் மூன்று பிரிவாகப் பிரிந்திருந்தது. ஒன்றின் மேல் ஒன்றாக, அவசரமே இல்லாமல், அது தானாகப் பின்னிக்கொண்டிருந்தது.