மன்னார் வளைகுடாவில் வந்து வந்து மறைந்த புள்ளி

கதவு மூடியது. புறப்பட்டாயிற்று! முதுகில் பெரிய தட்டைச் சுமந்த அந்த ராடார் விமானம் காலை ஒன்பது மணிக்கெல்லாம் கடலுக்கு மேல் ஏறிவிட்டது. எதிரி விமானம் கிளம்பும்போதே மோப்பம் பிடிக்கிற விமானம் அது. இன்றைக்கு அது தேடியதோ புயலில் காணாமல் போன ஒரு தூத்துக்குடி மீன்பிடி வல்லத்தை. அதில் நாலு பேர். மூன்று நாளாயிற்று. இன்றும் கிடைக்காவிட்டால் தேடுதலை நிறுத்திவிடுவார்கள்.

நாலு பேரில் ஒருவன் இஞ்ஞாசி. விமானத்துக்குள் ராடார் திரை முன்னால் உட்கார்ந்திருந்த ரெஜினாளின் தம்பி. சொன்னால் இறக்கிவிட்டுவிடுவார்களே என்று மேலதிகாரி முத்தழகனிடம் அவள் மூச்சு விடவில்லை.

திரையில் எதுவும் இல்லை. விமானம் வட்டமடித்தது. இரண்டாவது வட்டத்தில் திரையில் ஒரு புள்ளி! மூன்று முறை மினுக்கியது, காணோம். அடுத்த வட்டத்தில் அதே இடத்தில் மறுபடியும் வந்தது. வானொலியில் கூப்பிட்டார்கள், பதில் இல்லை. விமானம் விலகினால் புள்ளி மறைந்தது, நெருங்கினால் தலைகாட்டியது. பக்கத்து இருக்கைக் குலசேகரன் திரையை விட்டுப் பின்னுக்குச் சாய்ந்தான்.

"இது நம்ம வர்றதப் பாத்து வருது," என்றான் மெல்ல.

வேகத்தைப் பார்த்தால் இன்னும் கிலி. மணிக்கு அறுபது கிலோமீட்டர். ஆனால் இருந்த இடத்தை விட்டு நகரவில்லை. முத்தழகன் வந்து பார்த்தார். கருவியைச் சோதித்தார்கள், ஒரு கோளாறும் இல்லை. விட்டுவிட்டு வடக்கே போகலாம் என்றார். அவர் குரலிலும் சுருதி இறங்கியிருந்தது.

அப்போதுதான் ரெஜினாளுக்குப் பொறி தட்டியது. அடிப்பாவி! அலை, பறவை என்று மெதுவாக அசைவதையெல்லாம் குப்பையென்று திரையிலிருந்து கழித்துவிட்டுத்தான் இவர்கள் வேலையைத் தொடங்குவார்கள். சண்டை விமானத்தைத் தேடித் தேடி ஊறிப்போன பழக்கம். காலையில் அவள் கையாலேயே கழித்திருந்தாள்.

"சார், மிதக்குற வல்லத்த நாமளே குப்பையில தள்ளிட்டோம். எல்லாத்தையும் காட்டச் சொல்லுங்க."

திரை முழுக்க அலையாகிவிடும், எரிபொருளோ இன்னும் இருபது நிமிடம் தேடத்தான் வரும் என்று அவர் தயங்கினார்.

"என் தம்பி அதுல இருக்கான் சார்."

முத்தழகன் அவள் திரைப் பக்கம் குனிந்தார். "கழிக்கிறத நிறுத்து," என்றார்.

திரையில் பொரியைக் கொட்டியது போல ஆயிரம் புள்ளிகள். கண் எரிந்தது. ஒவ்வொரு சுற்றிலும் எல்லாம் இடம் மாறின, ஒன்றைத் தவிர. மர்மப் புள்ளி மினுக்கியதும் அங்கேதான்! இருப்பிடத்தைக் கடலோரக் காவல் ஹெலிகாப்டருக்குச் சொன்னார்கள். எரிபொருள் கரைந்துகொண்டிருந்தது. பதினாறாவது நிமிடம் வானொலி கரகரத்தது.

நாலு பேருக்கும் உயிர் இருக்கிறதாம். மூன்று பேர் சுருண்டு கிடக்க, ஒருவன் மட்டும் நின்றுகொண்டு, அலுமினியச் சோற்றுச் சட்டியைக் கயிற்றில் கட்டித் தலைக்கு மேல் சுழற்றிக்கொண்டிருக்கிறானாம். நிறுத்தச் சொன்னாலும் நிறுத்தவில்லையாம். நின்ற இடத்திலேயே அறுபது கிலோமீட்டர் வேகம் காட்டிய புள்ளி அந்தச் சட்டிதான்! ரெஜினாள் வாய்விட்டு அழுதாள். குலசேகரன் கைதட்டினான்.

ஆளைத் தேடும்போது எதையும் குப்பையென்று கழிக்கக் கூடாது என்று அன்றே விமானப் பதிவுப் புத்தகத்தில் எழுதி வைத்தார் முத்தழகன்.

சாயங்காலம் மருத்துவமனையில் இஞ்ஞாசியின் உள்ளங்கை கிழிந்து கிடந்தது. அவன் சொன்னான்:

"மேல சத்தம் மட்டும் திரும்பத் திரும்ப வந்துச்சுக்கா. கண்ணுக்கு ஒண்ணும் தெரியல. பேயின்னு மத்தவனுவ கண்ண மூடிக்கிட்டானுவ. பேயின்னாலும் வந்து தூக்கிட்டுப் போவட்டும்னுதான் சத்தம் வரும்போதெல்லாம் சட்டியச் சுத்துனேன்."