மாமியார் அலறிய மின்னஞ்சல்

மழை மூன்று நாளாக விடவில்லை. துப்பறியும் அம்மாளின் அலுவலகச் சுவர்களில் ஓதம் ஏறி, கோப்புகள் நாறிக்கொண்டிருந்தன. ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கும் அந்தப் பெண், குடையை மடக்கக்கூடத் தெம்பில்லாமல் உள்ளே வந்தாள்.

"மேடம், நான் யாரையும் காட்டிக் குடுக்கல," என்றாள் உட்காருவதற்கு முன்பே.

அம்மாள் நாற்காலியைக் காட்டினார். காப்பீட்டு அலுவலகத்தில் இருபது வருடம் பொய்க் கடிதங்களைப் பிரித்தெடுத்தவர். குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. பக்கத்தில் அவர் கணவர் நோட்டுப் புத்தகத்தோடு தயாராக இருந்தார். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வேலையை விட்டுவிட்டு மனைவிக்கு உதவியாளராகச் சேர்ந்தவர். குற்றவாளி யார் என்று ஐந்தே நிமிடத்தில் சொல்லிவிடுவார், ஒவ்வொரு முறையும் தப்பாக.

வந்தவளின் கதை சின்னதுதான். அவளுடைய நாத்தனார் வீட்டுக்குத் தெரியாமல் வந்து பரிசோதனை செய்துகொண்டாள். குழந்தை பிறக்க வாய்ப்பில்லை என்று முடிவு வந்தது. விஷயம் இவர்கள் இரண்டு பேருக்குள் இருந்தது. போன மாதம் அந்த அறிக்கையின் நகலை யாரோ நாத்தனாரின் புகுந்த வீட்டுக் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போனார்கள். மறுநாளே அவளைப் பெட்டியோடு அனுப்பிவிட்டார்கள். அறிக்கையைத் திறந்தது இவளுடைய கடவுச்சொல் என்று கணினிப் பதிவு சொன்னது. தலைமை டாக்டர் இவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

"வேலை போனா போகுது மேடம். நாத்தனார் என் வீட்டுலதான் இருக்கா, என் மூஞ்சியைப் பார்க்க மாட்டேங்கறா. நாளைக்குக் காலையில அவ வீட்டுக்காரர் விவாகரத்துப் பத்திரத்தோட வர்றார். அப்பா அம்மா வற்புறுத்தறாங்கன்னு போன்ல அழுதாராம். அவர் பாவம், கையெழுத்து போட்டுடறேன்னு இவ சொல்றா."

"அவர் என்ன வேலை பார்க்கறார்?"

"ஸ்கூலுக்கெல்லாம் வெப்சைட் செஞ்சு குடுக்கறார்."

"அறிக்கை திறந்த அன்னைக்கு உங்களுக்கு ஏதாவது மெயில் வந்துதா?"

அவள் போனை நீட்டினாள். டாக்டரின் பெயரில் வந்திருந்தது: 'மாமியார் மறுபடியும் அலறுகிறாள். மாதிரிகள் கெட்டுவிடும். பத்து நிமிடத்துக்குள் கீழே உள்ள இணைப்பில் நுழைந்து வெப்பநிலையைப் பாருங்கள்.'

"யாரோட மாமியார்?" என்றார் கணவர்.

"ரத்தம் வைக்கற ஃபிரிட்ஜ் சார். நாள் பூரா கர்புர்னு சத்தம் போடும், அதான் அந்தப் பேர். அதைத் தூக்கிட்டு, மெயில் வர்றதுக்கு ஒரு மாசம் முன்னாடி புதுசு வாங்கினாங்க. இது வாயே திறக்காது. இதை மருமகள்னு கூப்பிடறோம்."

"உள்ளாள் வேலை! டாக்டரேதான்!" கணவர் பேனாவைத் திறந்தார்.

அம்மாள் அவரைப் பொருட்படுத்தவில்லை. "அவசரம்னா டாக்டர் மெயில் அனுப்புவாரா?"

"கத்துவார் மேடம். பக்கத்து ரூம்தானே."

"அப்புறம் எப்படி நம்பினீங்க?"

அவள் தலை குனிந்தாள். "பத்து நிமிஷம்னதும் வேற எதையும் யோசிக்கல. நாப்பது பேரோட ரத்தம் உள்ள இருந்தது. டாக்டர் பழைய ஞாபகத்துல மாமியார்னு எழுதிட்டார்னு நெனச்சேன். பாஸ்வேர்டைப் போட்டேன். வெறும் வெள்ளைப் பக்கம் வந்தது. ஃபிரிட்ஜ் நல்லாத்தான் இருந்தது, அதோட மறந்துட்டேன்."

அம்மாள் டாக்டரின் பெயரை விரலால் தொட்டார். அதற்கடியில் டாக்டருக்குச் சம்பந்தமே இல்லாத முகவரி ஒன்று விரிந்தது. "பேரை யார் வேணா போட்டுக்கலாம். முகவரியைப் பார்க்க விடாம இருக்கத்தான் அந்தப் பத்து நிமிஷம்."

பிறகு கணினிப் பதிவின் தாளை வாங்கிப் படித்தார். அன்று திறக்கப்பட்டது ஒரே ஒரு அறிக்கை. பெயரைத் தேடாமல், நேராக ரசீது எண்ணைத் தட்டித் திறந்திருந்தார்கள்.

"நீங்க எப்படித் தேடுவீங்க?"

"பேரைப் போட்டுத்தான். நம்பரை யார் ஞாபகம் வச்சுக்கறது? அது நோயாளிகிட்ட குடுக்கற ரசீதுலதான் இருக்கும்."

"மாமியார் கதையை வெளியில யார்கிட்ட சொன்னீங்க?"

"ஒரே ஒரு தடவை. பழைய ஃபிரிட்ஜ் இருந்தப்போ நாத்தனாரும் அவ வீட்டுக்காரரும் எங்க வீட்டுக்குச் சாப்பிட வந்தாங்க. என் வீட்டுக்காரரோட நாங்க நாலு பேர்தான் இருந்தோம். புதுசு வந்தப்புறம்தான் அவ ரத்தம் குடுக்க வந்தா."

அம்மாள் தாளை மடித்தார். "உங்க வீட்டுக்குப் போகலாம்."

உள்ளறைக் கட்டிலில் நாத்தனார் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அவளுடைய அண்ணன் வாசற்படியில் செய்வதறியாமல் நின்றான். அம்மாள் நாற்காலியை இழுத்துப்போட்டு, அந்த முதுகைப் பார்த்தே பேசினார்.

"இது உங்க அண்ணியோட பாஸ்வேர்டைத் திருட அனுப்பின மெயில்மா. அனுப்பினவருக்குப் பழைய பேர் தெரியும், புதுப் பேர் தெரியாது. அங்க வேலை பார்க்கறவங்க எல்லாருக்கும் மருமகள்னுதான் வாயில வரும். அதனால அவங்க இல்ல. வெளியில கதை பேசினது உங்க நாலு பேருக்குள்ள மட்டும். உங்க அண்ணிக்கு இந்த மெயிலே தேவையில்ல, பாஸ்வேர்டு அவங்க கையில இருக்கு. உங்க அண்ணனுக்குப் புது ஃபிரிட்ஜ் வந்த அன்னைக்கே பேர் தெரியும்."

அண்ணன் தலையாட்டினான்.

"நீங்க ரத்தம் குடுக்கப் போனப்போ புதுசைப் பார்த்தீங்க."

முதுகு திரும்பாமலே தலை மட்டும் அசைந்தது.

"மிச்சம் ஒருத்தர். ரசீது இருந்த கைப்பை அவர் வீட்டுலதான் இருந்தது. அறிக்கையை வெளியில போட்டுட்டு, அப்பா அம்மா பேர்ல பழியைப் போட்டு, பத்திரத்தோட அழுதுகிட்டே வரணும்னு அவர் திட்டம். போலீஸ் அந்த முகவரியைத் துருவினா மீதியும் வெளியில வரும். டாக்டர்கிட்ட நான் பேசறேன்."

அம்மாளின் கணவர் நோட்டுப் புத்தகத்தில் டாக்டரின் பெயரை அடித்துவிட்டு மூடினார்.

நாத்தனார் திரும்பினாள். அழுது வீங்கிய முகம். "எனக்கு அன்னைக்கே தெரியும் அண்ணி. ரசீது பையில இடம் மாறி இருந்தது."

பரிசோதனைக்கூடத்துப் பெண் கட்டிலருகே வந்தாள். ஒரு மாதமாகத் தட்டில் போட்ட சோற்றைத் தொடாமல் அழுதவள் இவள். "தெரிஞ்சுமா என்னைக் கொன்னே?"

"உங்க மேல கோபப்பட்டா நீங்க எங்கயும் போக மாட்டீங்க. அவர் மேல கோபப்பட்டா, அவர் போயிடுவாரே."

அண்ணிக்கு அவளை ஓங்கி ஒரு அறை விட வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் கட்டிலில் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அவர் எப்பவோ போயிட்டார்டி," என்றாள்.

நாத்தனார் புடவைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். பிறகு அண்ணியின் கையைப் பிடித்தாள்.

"நாளைக்கு அவர் வந்தா கதவை நீங்க திறங்க அண்ணி. நான் திறந்தா, அவர் அழறதைப் பார்த்துக் கையெழுத்து போட்டுடுவேன்."