ஏழாம் மாடி டாக்டர் போட்ட கோடு

வியாழக்கிழமை காலை அந்தக் கோடு பதினொன்றரை சென்டிமீட்டர் இருந்தது. சனிக்கிழமை காலை பதின்மூன்று.

குளியலறைக் கண்ணாடியில் படிந்திருந்த ஆவியை உள்ளங்கையால் துடைத்துவிட்டு அவள் மறுபடியும் டேப்பை வைத்தாள். பதின்மூன்றேதான். அளவெடுத்துத் தைக்கும் கடையில் பத்தொன்பது வருடமாகக் கட்டிங் மாஸ்டர். ஊரில் யார் தப்பாக அளந்தாலும் அவள் அளக்க மாட்டாள். வலது மார்புக்கு அடியில் தொடங்கி விலாப் பக்கம் வளைந்து போகும் ஊதா நிறக் கோடு. சோப்பு, எண்ணெய், நகப்பூச்சை அழிக்கும் திரவம் என்று எல்லாவற்றையும் தேய்த்துப் பார்த்தும் அது, போட்ட அன்றைக்கு இருந்ததைவிடப் பளிச்சென்று இருந்தது. தேய்த்துத் தேய்த்துத் தோல்தான் சிவந்து எரிந்தது.

வலது மார்பில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. அதைப் பற்றி அவள் யாரிடமும் பேசியதும் இல்லை. பேச்சு முழுக்க இடது பக்கம் பற்றித்தான். மூன்று வருடத்துக்கு முன் புற்றுநோய் வந்து இடது மார்பை எடுத்துவிட்டார்கள். உயிர் தப்பியதே பெரிது என்று எல்லோரும் சொன்னார்கள், அவளும் சொன்னாள். பிறகு வேலைக்குத் திரும்பி, பஞ்சுக்குள் கடுகு நிரப்பித் தைத்து, சமையலறைத் தராசில் முந்நூற்றுப் பத்து கிராம் என்று நிறுத்துப் பார்த்து, தனக்குத் தானே ஒரு மார்பு செய்துகொண்டாள். நன்றாகத்தான் இருந்தது. குனிந்து துணி வெட்டும்போது மட்டும் அது கழுத்துப் பக்கம் கிளம்பிவிடும். ஒருநாள் வாடிக்கையாளர் எதிரிலேயே தோள்பட்டைக்கு ஏறி உட்கார்ந்துகொண்டது. "இதுக்கு இன்னிக்கு லீவு வேணுமாம்" என்று சிரித்துச் சமாளித்தாள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுது தீர்த்தாள். ஆபரேஷன் செய்து இம்ப்ளான்ட் வைத்துக்கொள்வது என்று அன்றைக்குத்தான் முடிவு செய்தாள்.

"இந்த வயசுல யாருக்குக் காட்டப் போறே?" என்றாள் அக்கா.

"எனக்கு."

அக்கா ஒரு வாரம் போனை எடுக்கவில்லை. கணவர், "உன் இஷ்டம்" என்றார். அந்த இஷ்டத்துக்குப் பின்னால், "ஆனா இப்பவே நல்லாத்தானே இருக்கே" என்று ஒரு வாலும் இருந்தது. நல்ல மனிதர். சண்டை போட மாட்டார், ஆனால் ஒரு பெருமூச்சை வைத்துக்கொண்டே ஒரு மாதம் ஓட்டிவிடுவார்.

டாக்டர்கள் மூன்று பேரைப் பார்த்தாள். முதலாமவர் பேசியதெல்லாம் கணவரிடம்தான். "சாருக்கு எந்த சைஸ் ஓகே?" என்று கேட்டதும் அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். "சாருக்கு வைக்கிறதா இருந்தா சாரையே அளவெடுங்க, டாக்டர்." இரண்டாவது ஒரு பெண் டாக்டர். ஒரு மணி நேரம் உட்கார்ந்து, காகிதத்தில் படம் போட்டு விளக்கினார். முதலில் தோலைக் கொஞ்சம் கொஞ்சமாக விரிக்க வேண்டும், வைத்தது ஆயுள் முழுக்க இருக்காது, மாற்ற வேண்டி வரலாம், தொட்டால் பழைய உணர்ச்சி இருக்காது. "எல்லாத்தையும் யோசிங்க. வேண்டாம்னு தோணினா அதையும் வந்து சொல்லுங்க, நான் கோவிச்சுக்க மாட்டேன்" என்றார். அவளுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. ஆனால் நான்கு மாதம் காத்திருக்க வேண்டும். மூன்று வருடம் காத்திருந்தவளுக்கு அந்த நான்கு மாதம்தான் பெரிதாகப் பட்டது. அவசரம். அதுதான் அவளை மூன்றாவது டாக்டரிடம், அந்த ஏழாம் மாடிக்குக் கொண்டுபோனது.

புதன்கிழமை மாலை, தனியாகப் போனாள். வரவேற்பறையில் நாற்காலிகள் எல்லாம் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் வரிசையாக இருந்தன, யாரும் அவற்றில் உட்கார்ந்த தடம் இல்லை. ஸ்பிரிட் வாசனை அடித்தது, அதற்கு அடியில் இஸ்திரிப் பெட்டியைத் துணிமேல் மறந்துவிட்டால் வருமே, அந்த லேசான தீய்ந்த வாசனை. டாக்டர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நர்ஸ் ஒருத்தி பக்கத்தில் நிற்க, கண்ணாடி முன்னால் அவளை நிறுத்தி, ஊதா நிறப் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

அங்கேதான் அவள் தப்புப் பண்ணினாள். டிரையல் பார்க்க வருகிறவர்களிடம் ஒரு நாளைக்கு இருபது தடவை அவள் சொல்வது, மார்க் பண்ணும்போது ஆடாதீர்கள் என்பதுதான். அசைந்தால் கோடு கோணும், வேலை கெடும், தொழில்காரருக்கு எரிச்சல் வரும். அந்தப் பழக்கம் உடம்பில் ஊறிப்போயிருந்தது. அதனால் பேனா முனை தோலில் பட்டதும் கை இரண்டையும் தளர்த்தி, மூச்சைப் பிடித்து, நல்ல வாடிக்கையாளராக நின்றுவிட்டாள். அது இடது பக்கத்தை முடித்துவிட்டு வலதுக்குப் போனபோதும் நின்றாள். டாக்டர் கையை எடுத்த பிறகுதான் அவள் வாய் திறந்தது.

"அந்தப் பக்கம் எதுக்கு டாக்டர்? நான் சொல்லவே இல்லையே."

"நீங்க எதுவும் சொல்ல வேண்டியதில்லைம்மா. யோசிக்கிற வேலையை எங்கிட்ட விட்டுடுங்க. பிடிக்கலைன்னா கழுவிடுங்க, சோப்புலேயே போயிடும்."

இடது பக்கக் கோடுகள் போயின. மறுநாள் காலை, முதல் தேய்ப்பிலேயே. வலது பக்கம்தான் தங்கிவிட்டது.

சனிக்கிழமை மதியம் வீட்டில் அவள் மட்டும் இருந்தாள். கணவர் காய்கறி வாங்கப் போயிருந்தார். வெயில் ஜன்னல் வழியாக வந்து கட்டில்மேல் சப்பென்று விழுந்து கிடந்தது. பக்கத்து வீட்டுத் துணி துவைக்கும் இயந்திரம் சுற்றிச் சுற்றி, கடைசியாக ஒரு குலுக்கல் குலுக்கிவிட்டு ஓய்ந்தது. அது ஓய்ந்த பிறகுதான் இன்னொரு சத்தம் கேட்டது. ரொம்பச் சின்னது. காய்ந்த பரப்பில் ஈரப் பேனா இழுபடும் சத்தம். கீச்... கீச்... அவள் அறையைச் சுற்றிப் பார்த்தாள், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள், அலமாரிக் கதவில் காது வைத்தாள். எங்கே போனாலும் சத்தம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சட்டைக்குள் ஒரு குளிர்ச்சி மெதுவாக நகர்ந்தது.

சட்டையை விலக்கிப் பார்த்தாள். கோடு தொப்புள் உயரத்துக்கு வந்திருந்தது. நுனி இன்னும் ஈரம்.

உடனே ஏழாம் மாடிக்குப் போன் போட்டாள். வரவேற்பில் இருந்தவள் முதல் மணியிலேயே எடுத்தாள்.

"நான் புதன்கிழமை வந்தவ. எனக்கு உங்க டாக்டர் வேண்டாம். வேற டாக்டரை முடிவு பண்ணிட்டேன்."

"திங்கட்கிழமை காலைல எட்டு மணிக்கு உங்களுக்கு ஆபரேஷன் போட்டிருக்கும்மா. வெறும் வயித்தோட வந்துடுங்க."

"காதுல விழலையா? வேண்டாம்னு சொல்றேன். நான் எதுலயும் கையெழுத்தே போடல."

"போட்டிருக்கீங்களே." குரலில் கேலி இல்லை, கோபம் இல்லை, சும்மா தகவல் சொல்கிற குரல். "உங்க மேலதான் இருக்கு. பாருங்க."

அவள் குனிந்து பார்த்தாள். இடது பக்கம், தழும்புக்குக் கீழே, காலையில் வெறும் தோலாக இருந்த இடத்தில் ஊதா நிறத்தில் ஒரு கையெழுத்து. மேலிருந்து பார்க்க அது தலைகீழாகத் தெரிந்தது. எதிரே நின்று யாரோ போட்டது. ஆனால் கையெழுத்து அவளுடையது. கடைசி எழுத்தின் வாலை இழுத்து, அடியில் ஒரு புள்ளி வைப்பாள். இழுத்திருந்தது. புள்ளியும் இருந்தது.

பயமாகத்தான் இருந்தது. ஆனால் அதோடு கூடவே கோபமும் வந்தது, சரியான கோபம். அக்கா ஒரு பக்கம், பெருமூச்சு ஒரு பக்கம், சாருக்கு சைஸ் கேட்ட மகராசன் ஒரு பக்கம், இப்போது இதுவுமா?

"இங்க பாரு," என்றாள், போனை வைத்துவிட்டு, யாரும் இல்லாத அறையில், உரக்க. "வைக்கிறதும் என் இஷ்டம், வைக்காததும் என் இஷ்டம். யார் கையால வைக்கிறதுங்கிறதும் என் இஷ்டம். என் கையெழுத்தை நீ போட்டா அது செல்லாது."

அந்தப் பேனாச் சத்தம் ஒரு கணம் தயங்கியது. அது போதும் அவளுக்கு.

வெட்டு மேசையில் ஒரு வழக்கம் உண்டு. தப்பாக விழுந்த கோட்டை அழிக்க நேரமில்லை என்றால், அதன் குறுக்கே இரண்டு சின்ன இழுப்பு. இந்தக் கோட்டில் கத்தரி போகக் கூடாது என்று அர்த்தம். எவ்வளவு அவசரத்திலும், எந்தக் கடையிலும், அந்த இரண்டு இழுப்பைப் பார்த்துவிட்டு ஒரு கட்டரும் வெட்டியதில்லை. அவள் தையல் பெட்டியைக் கவிழ்த்து, துணிப் பொட்டலங்களில் பெயர் எழுதும் கறுப்பு மார்க்கரை எடுத்தாள். படுக்கையறையில் இருந்த, மூன்று பக்கமாக மடியும் டிரையல் கண்ணாடியின் முன்னால் நின்றாள். கோட்டின் தொடக்கத்தில் இரண்டு இழுப்பு. விலாவில் இரண்டு. தொப்புள் பக்கம் இரண்டு. நுனி நகரப் பார்த்தது. அதன் முன்னாலேயே இரண்டு போட்டாள், அழுத்தமாக, தோல் வலிக்க. கடைசியாகக் கையெழுத்தின் மேல் நான்கு.

சத்தம் நின்றது.

நிஜமாகவே நின்றது. தெருவில் சைக்கிள் மணி கேட்டது, எங்கோ பிரஷர் குக்கர் விசில் அடித்தது, வீடு மறுபடியும் வீடாக இருந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணீரும் வந்தது. உடனே பெண் டாக்டரின் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, நான்கு மாதமென்ன, ஐந்து மாதமானாலும் காத்திருக்கிறேன், என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள் என்றாள். வலது பக்கத்தைத் தொடக் கூடாது என்பதையும் குறித்துக்கொள்ளச் சொன்னாள். மறுமுனையில் இருந்தவர் அதைத் திரும்பப் படித்துக் காட்டினார். மூன்று வருடத்தில் இவ்வளவு லேசாக அவள் மூச்சு விட்டதில்லை.

கணவர் வந்தார். பைகளைச் சமையலறையில் வைத்துவிட்டு, அவள் கூப்பிட்ட குரலுக்குப் படுக்கையறைக்கு வந்தார். அவள் ஒன்று விடாமல் சொன்னாள். சட்டையைத் திறந்து காட்டினாள். அவர் சிரிக்கவில்லை, பெருமூச்சும் விடவில்லை. கறுப்பு இழுப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"நல்ல வேலை பண்ணினே," என்றார். "அந்த லேடி டாக்டர்தான் சரி. நானும் கூட வரேன்."

அந்த ஒரு வார்த்தைக்காக மூன்று வருடம் காத்திருந்திருக்கிறாள். கலங்கிய கண்ணைத் துடைத்துக்கொண்டு, வேறு சட்டை மாற்ற, போட்டிருந்ததைத் தோளிலிருந்து இறக்கியபடி திரும்பினாள்.

"முதுகுல என்னது?" என்றார் அவர்.

அவள் கண்ணாடியின் பக்கச் சிறகுகளை இழுத்துத் திறந்தாள். பின்கழுத்தில் தொடங்கி, முதுகின் நட்டநடுவே, நூல் பிடித்தாற்போல் ஒரு ஊதாக் கோடு. தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே வந்து நின்றிருந்தது. அவள் கைக்கு எட்டாத இடம். கையைப் பின்னால் வளைத்துப் பார்த்தாள். தோளுக்கு மேலாக நீட்டிப் பார்த்தாள். எட்டவில்லை.

"இந்தாங்க." மார்க்கரை அவர் கையில் திணித்தாள். "குறுக்க ரெண்டு இழுங்க. சீக்கிரம்."

மூடி கழன்றது. குளிர்ந்த முனை முதுகில் பட்டது. கீச் என்றது.

ஒன்று. இரண்டாவதற்காகக் காத்திருந்தாள். வரவில்லை. முதலாவதே முடியவில்லை. அது குறுக்கே போகவில்லை. கீழே போனது.

"என்ன பண்றீங்க?"

"கொஞ்சம்தான் பாக்கி," என்றார் அவர்.

பக்கக் கண்ணாடியில் பார்த்தாள். அவர் முகம் சாந்தமாக இருந்தது. பிள்ளைகள் படித்த காலத்தில் அவர்களுடைய பள்ளிக்கூடப் படிவத்தில் கையெழுத்துப் போடும்போது இருந்த முகம். அட்டையில்கூட நேராக ஒரு கோடு இழுக்கத் தெரியாத மனிதர். கோடு நேராக இறங்கியது. அவர் கையில் இருந்தது கறுப்பு மார்க்கர். முதுகில் விழுந்தது ஊதா.

அவள் சுழன்று திரும்பினாள். மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினாள். மார்க்கரைப் பிடுங்கி, இரண்டாக ஒடித்து, ஜன்னல் வழியாக வீசினாள்.

"இது என் உடம்பு!"

அவர் அசையவில்லை. கண் அவள் முகத்தில் இல்லை. அவள் முதுகு இருந்த இடத்தில், வெறும் காற்றில், அவருடைய ஆள்காட்டி விரல் மெதுவாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

அதே வேகத்தில், அவளுக்குப் பின்னால், தோலின் மேல், அந்தக் குளிர்ச்சியும்.